முன்னும் பின்னும் ஒரே ட்ரக் எதற்கு? லாங்போர்ட் பாகங்களைக் கலந்து பொருத்துவது பற்றி

கேள்வி, 2024 மார்ச் 3

அண்ணா, என்னிடம் இருப்பது 40 அங்குல லாங்போர்ட் (நீளமான ஸ்கேட்போர்டு). ட்ரக் (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் பாகம்) இரண்டும் 180 மி.மீ. ஹேங்கர் (அச்சைத் தாங்கித் திரும்பும் பகுதி), 50 பாகை பேஸ்பிளேட் (பலகையில் பொருத்தும் தட்டு). சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. எங்கள் தெருச் சரிவில் வேகம் எடுத்தவுடன் பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. புல்லுக்குள் குதித்துத்தான் தப்புகிறேன். கிங்பின் (தட்டையும் ஹேங்கரையும் சேர்த்துப் பிடிக்கும் பெரிய போல்ட்) நட்டை இறுக்கச் சொன்னான் நண்பன். இறுக்கினேன்; ஆட்டம் நிற்கவில்லை, திரும்புவதும் கடினமாகிவிட்டது. பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வேறொரு நிறுவனத்தின் 44 பாகை பேஸ்பிளேட் இரண்டு கிடைக்கின்றன. என் ஹேங்கரை அவற்றில் பொருத்தலாமா? அல்லது புதிய ட்ரக் சோடியே வாங்கிவிடவா?

மார்ச் 3, இரவு

சோடியாக வாங்காதீர்கள் தம்பி. உங்களுக்குத் தேவை ஒரேயொரு பேஸ்பிளேட், அதுவும் பின்பக்கத்துக்கு மட்டும்.

ஆட்டம் பின்னாலிருந்து வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதில்தான் இருக்கிறது. ஒரே பாகையில் இரண்டு ட்ரக் இருந்தால், பலகை சாயும்போது முன் ட்ரக் எவ்வளவு திரும்புகிறதோ அதே அளவு பின் ட்ரக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும். மெதுவாகப் போகும்போது அது நல்லது. சிறிய வட்டத்தில் வளைந்துவிடலாம். வேகம் கூடியதும் அதே குணம் எதிரியாகிறது. பின்காலின் குதிகால் சற்று அழுத்தினாலும் வால் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. உடம்பு அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தால் அடுத்த தள்ளல் பெரிதாகிறது. அடுத்தது அதைவிடப் பெரிது. அதற்குள் நீங்கள் புல்லில் நிற்பீர்கள்.

கணக்காகவே பார்க்கலாம். பலகையை 20 பாகை சாய்த்தால் 50 பாகை பேஸ்பிளேட்டில் அச்சு சுமார் 22 பாகை திரும்பும். 43-இல் அது 18-க்குச் சற்றுக் கீழே. 35-இல் பதின்மூன்றரை. 20-இல் வெறும் 7. ஹேங்கர், சக்கரம், புஷிங் (கிங்பின்னைச் சுற்றியிருக்கும் யூரித்தேன் வளையம்) எல்லாம் அப்படியே இருக்க, தட்டின் கோணம் மட்டும் மாறுவதால் வரும் வேறுபாடு இது.

உங்கள் ட்ரக் நிறுவனம் 43 பாகைத் தட்டையும் தனியாக விற்கிறது. அதைப் பின்னால் போடுங்கள். முன்னால் 50 அப்படியே இருக்கட்டும். பின்பகுதி முன்பகுதியைத் தொடர்ந்து வரவேண்டும், தானாக முடிவெடுக்கக் கூடாது.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

நட்டை இறுக்குவது பற்றி. இறுக்கினால் ட்ரக்கின் கோணம் மாறுவதில்லை. புஷிங் பிதுங்கி, நடுநிலைக்குத் திரும்பும் குணத்தை இழக்கிறது. சாய்க்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சாய்ந்த பிறகு பின்சக்கரம் அதே அளவு திரும்பிக்கொண்டுதான் இருக்கும். நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கையால் வாஷரைச் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, அதன்மேல் ஒரு சுற்றுக்குள் நிறுத்துவது என் வழக்கம்.

கிங்பின் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பானர் வேண்டும். 14 மி.மீ. ஸ்பானர் அதில் ஏறாது (9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ.), 15 மி.மீ. தளர்வாக நின்று நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். சக்கர நட்டு 1/2 அங்குலம். அதற்கு 13 மி.மீ. ஓரளவு உட்காரும். பலகையோடு ட்ரக்கைப் பிடிக்கும் சிறிய நட்டுகள் 3/8. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் ‘ஸ்கேட் டூல்’ ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5

வேறு நிறுவனத்தின் தட்டில் உங்கள் ஹேங்கர் பொருந்துமா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டுவிட்டார்கள்.

பொருந்துவதுபோலத் தோன்றும். சிக்கலே அங்குதான். கிங்பின் பெரும்பாலும் 3/8 அங்குலத் தடிப்பு, ஆகவே ஹேங்கர் உள்ளே இறங்கிவிடும், நட்டும் ஏறிவிடும். மேசையில் வைத்துப் பார்த்தால் முழு ட்ரக்காகவே இருக்கும். ஆனால் இரண்டு நிறுவனங்களின் பாகங்கள் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பிவட். ஹேங்கரின் மூக்குப் பகுதி பேஸ்பிளேட்டிலுள்ள பிவட் கப்பில் போய் உட்கார்கிறது. மூக்கின் தடிப்பும் நீளமும் உருண்டையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. மூக்கு சிறிதாக இருந்தால் கப்பினுள் குலுங்கும். பெரிதாக இருந்தால் கப்பை விரித்துப் பிளக்கும். நீளம் குறைவாக இருந்தால் மூக்கின் நுனி அடியைத் தொடாமல் தொங்கும்; அப்போது சுமையெல்லாம் புஷிங்கில் இறங்கும்.

அடுத்து, பிவட் கப்புக்கும் கிங்பின்னுக்கும் இடையிலான தூரம். இது சற்று மாறினாலே ஹேங்கர் முன்னோ பின்னோ தள்ளி நிற்கும். புஷிங் நேராக அமுங்காமல் ஒரு பக்கமாக அமுங்கும். தட்டில் 44 என்று பொறித்திருப்பது, அதே நிறுவனத்தின் ஹேங்கர் அதில் உட்காரும்போது வரும் கோணம். வேறு ஹேங்கர் போட்டால் அந்த எண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் கோணத்துக்காகத்தானே தட்டை மாற்றுகிறீர்கள்?

சோதிப்பது எளிது. புஷிங்கைக் கழற்றிவிட்டு ஹேங்கரின் மூக்கைக் கப்பில் வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் டக் டக்கென்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சத்தம் இல்லையென்றால், கிங்பின் ஹேங்கர் துளையின் நடுவில் நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் உராய்ந்து நின்றால் அந்தக் கலவை வேண்டாம்.

ஒரு குளிர்காலம் முழுவதும் இப்படி ஒரு கலவையை நான் ஓட்டினேன். பழைய ஹேங்கர் ஒன்று, யாரோ கொடுத்த தட்டு ஒன்று. சமதளத்தில் மிகவும் பிடித்திருந்தது. சரிவில் வைத்தவுடன் நடுநிலை எங்கே என்று பலகைக்கே தெரியவில்லை. கழற்றிப் பார்த்தபோது பிவட் கப் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் ஹேங்கரோடு அதே நிறுவனத்தின் வேறு தட்டைக் கலப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். ராண்டல் நிறுவனத்தின் 180 மி.மீ. ஹேங்கரை 50, 42, 35 என்று வெவ்வேறு தட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு தலைமுறையே பழகியிருக்கிறது. நிறுவனம் தாண்டிக் கலக்க ஆசையென்றால் முழு ட்ரக்காகக் கலக்கலாம்: முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மார்ச் 6

பிவட் கப் கிறீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள். காய்ந்த குளியல் சோப்பைச் சுரண்டிக் கப்புக்குள் போடுங்கள், போதும்.

மார்ச் 9

வரிசை பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பேஸ்பிளேட் வாங்கச் சொன்னது சரிதான். ஆனால் அது வந்து சேர்வதற்குள் புஷிங்கை மாற்றிப் பாருங்கள். ட்ரக்கிலேயே விலை குறைந்த பாகம் அது. மிக அதிகமாகக் குணத்தை மாற்றுவதும் அதுதான். ஹேங்கருக்குச் செலவிடும் பணத்தில் பல சோடி புஷிங் வாங்கிச் சோதிக்கலாம்.

கடையில் வாங்கும் முழு பலகையில் வரும் புஷிங் எல்லோருக்கும் நடுத்தரமாக இருக்கட்டும் என்று போடப்பட்டது. 50 கிலோ எடையுள்ளவரும் 95 கிலோ எடையுள்ளவரும் ஒரே புஷிங்கில் நிற்க முடியாது. கடினத்தை 78ஏ, 85ஏ, 90ஏ, 95ஏ என்று குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கடினம். புஷிங் செய்யும் வெனம், ரிப்டைட் ஆகிய இரண்டு நிறுவனங்களிலும் பல கடினங்கள் கிடைக்கும். ரிவர்ஸ் கிங்பின் (சுருக்கமாக ஆர்.கே.பி.; கிங்பின் பலகையின் வெளிமுனையை நோக்கியிருக்கும் வகை) ட்ரக்குகள் பலவற்றுக்கும் 0.6 அங்குல உயரம் பொதுவானது, ஆனாலும் உங்களுடையதை அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு ட்ரக்கில் இரண்டு புஷிங் உண்டு. ஒன்று ஹேங்கருக்கும் தட்டுக்கும் நடுவில், பலகைப் பக்கம். மற்றது நட்டுக்கும் ஹேங்கருக்கும் நடுவில், தரைப் பக்கம். சுமையைத் தாங்குவது முதன்மையாகப் பலகைப் பக்கத்துப் புஷிங். ஆகவே அதைக் கடினமாகவும் தரைப் பக்கத்தை ஒரு படி மென்மையாகவும் போடலாம். உருளை வடிவம் சாய்வை எதிர்த்து நிற்கும், கூம்பு வடிவம் எளிதில் இடம்கொடுக்கும். முன் ட்ரக்கில் தரைப் பக்கம் கூம்பு, பின் ட்ரக்கில் இரண்டும் உருளை என்பது நல்ல தொடக்கம்.

முன்னைவிடப் பின்னால் ஒரு படி கடினம். நான் 80 கிலோவுக்குச் சற்றுக் கீழே. முன்னால் 87ஏ, பின்னால் 90ஏ எனக்குப் பிடிக்கிறது. இதை அப்படியே வாங்காதீர்கள். உங்கள் எடை, நிற்கும் விதம், பலகையின் அகலம் எல்லாம் இதை மாற்றும்.

வாஷரையும் மறக்காதீர்கள். கிண்ண வடிவ வாஷர் புஷிங்கின் விளிம்பைப் பிடித்து வைக்கிறது, அதனால் ட்ரக் இறுக்கமாக உணரப்படும். அதை எடுத்துவிட்டுத் தட்டை வாஷர் போட்டால் புஷிங் பக்கவாட்டில் விரிய இடம் கிடைக்கும். அரை படி மென்மையானதுபோல இருக்கும், செலவோ சில்லறைக்காசு.

மார்ச் 10

கலகரியிலிருந்து எழுதியவர் கேட்டது நல்ல கேள்வி: “காலையில் கல்லாக இருக்கும் புஷிங் பிற்பகலில் சரியாகிவிடுகிறதே?” ஆம். குளிரில் யூரித்தேன் இறுகும். எங்கள் ரொறன்ரோவிலும் மார்ச் மாதக் காலை 2 செல்சியசில் ஓட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதை வைத்து மென்மையான புஷிங் வாங்கினால் யூலை மாதத்தில் அது களிமண். இப்போது வாங்கி வைக்கலாம், தீர்ப்பை மே மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.

மார்ச் 16

“ஹேங்கரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் இலவசமாகப் புதிய ட்ரக்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை இருக்கிறது, ஆனால் அது பாதிதான்.

சில ஹேங்கர்களில் அச்சு, பிவட் கோட்டின்மீது சரியாக அமையாமல் சற்று விலகி இருக்கும். அந்த விலகலைத்தான் ரேக் என்கிறோம். அப்படிப்பட்ட ஹேங்கரைப் புரட்டினால் விலகல் எதிர்ப்பக்கம் போகிறது. பலகையின் உயரமும் சில மி.மீ. மாறுகிறது. உயரும்போது நடுநிலையிலிருந்து சட்டென்று விழும் குணம் வரும்: தொட்டவுடன் திரும்பும். நகரத்துக்குள் வளைந்து வளைந்து போக அது இனிமை. அச்சும் பிவட்டும் ஒரே கோட்டில் இருக்கும் ஹேங்கரைப் புரட்டினால் ஒன்றும் மாறாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் சரிவில் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் தேடுவது நடுநிலையில் நிற்கும் பலகை. இது அதற்கு நேர் எதிர்.

மார்ச் 24

சொன்னபடி முழு ட்ரக்குகளைக் கலப்பது பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும்.

இது இணையத்தில் யாரோ நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. ஸ்லாலம் ஓட்டுபவர்கள் எப்போதும் செய்வது இது. கூம்புகளுக்கு நடுவில் காலைத் தரையில் வைக்காமல் வளைந்து வளைந்து வேகம் எடுக்க வேண்டுமானால் முன் ட்ரக் உடனே திரும்ப வேண்டும், பின் ட்ரக் உறுதியாகத் தள்ள வேண்டும். ஒரே ட்ரக்கால் இரண்டையும் செய்ய முடியாது. டிராக்கர் நிறுவனம் (1975-இல் கலிபோர்னியாவில் லாரி பால்மாவும் டேவ் டொமினியும் தொடங்கியது) ஆர்.டி.எக்ஸ்., ஆர்.டி.எஸ். என்று இரண்டு ட்ரக் செய்ததே இதற்காகத்தான். எக்ஸ் முன்னால், திரும்புவதற்கு. எஸ் பின்னால், நிலைப்பதற்கு. முன்னால் பென்னட், பின்னால் டிராக்கர் என்பது அந்த உலகத்தின் பழம்பெரும் சோடி. நிறுவனம் இரண்டு, வடிவமைப்பு இரண்டு, பலகை ஒன்று.

நெடுந்தூரம் பம்ப் செய்து போகிறவர்கள் ஸ்லாலத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஒன்ராறியோ ஏரிக்கரையோரமாகக் காலைத் தரையில் வைக்காமல், இடுப்பையும் தோளையும் மட்டும் அசைத்துப் போகும் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது. என் பலகையில் முன்னால் பென்னட், அதன் கீழ் ஓர் ஆப்பு. பின்னால் டிராக்கர், அதன் கீழ் எதிர்ப்பக்கம் திருப்பிய ஆப்பு. முன்னால் கார்வர் சி.எக்ஸ். போடுகிறவர்களும் உண்டு. அது சர்ஃப் உணர்வுக்காகச் செய்த ட்ரக், பம்ப் செய்ய மிகவும் ஒத்துழைக்கும்.

ஆப்பு என்பது ஒரு பக்கம் தடித்த ரைசர் (பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவில் வைக்கும் தட்டு). பேஸ்பிளேட் மாற்றாமலேயே கோணத்தை மாற்றும் வழி. தடித்த பக்கம் பலகையின் நடுவை நோக்கியிருந்தால் ட்ரக் கூடுதலாகத் திரும்பும். தடித்த பக்கம் மூக்கையோ வாலையோ நோக்கியிருந்தால் குறைவாகத் திரும்பும். டி.கே.பி. (கிங்பின் பலகையின் நடுவை நோக்கியிருக்கும் பழைய வகை) ஆனாலும் ஆர்.கே.பி. ஆனாலும் இதுவே விதி. 10 பாகை ஆப்பை 45 பாகை ட்ரக்கின்கீழ் வைத்தால் 55 ஆகிறது, திருப்பி வைத்தால் 35. பழைய வகை ட்ரக்குகளுக்குத் தனித்தட்டு கிடைக்காத குறையை இது தீர்க்கிறது. ஆப்பு வைக்கும்போது நீளமான போல்ட் தேவை. போல்ட் நுனி நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நட்டு ஏரிக்கரையில் எங்கோ கிடக்கும், நீங்கள் வேறெங்கோ இருப்பீர்கள்.

பின் ட்ரக் எவ்வளவு குறைவாகத் திரும்ப வேண்டும்? இங்கே ஓட்டுபவர்கள் ஒத்துக்கொள்வதே இல்லை. பின்னால் 20 பாகைக்குக் கீழே கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மரக்கட்டையை இழுப்பதுபோல இருக்கிறது. 30-ஐ ஒட்டி இருக்கும்போது வால் கொஞ்சம் வீசிக்கொடுக்கிறது, பம்ப் செய்யும் தாளம் அந்த வீச்சிலிருந்துதான் எனக்குப் பிறக்கிறது. செங்குத்தான மலைச்சாலையில் இறங்குபவர்கள் முன்னால் 50-ஐ ஒட்டியும் பின்னால் 20-ஐ ஒட்டியும், ஹேங்கரை 130 மி.மீ.க்கும் கீழே குறுக்கியும் ஓட்டுகிறார்கள். அவர்கள் தேவை வேறு, கை வேறு.

மார்ச் 25

உயர வேறுபாடு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். முன் ட்ரக் ஆர்.கே.பி., பின் ட்ரக் டி.கே.பி. என்றால் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். கோணமெல்லாம் கெட்டுவிடுமே என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கர இடைவெளி 28 அங்குலம், அதாவது 711 மி.மீ. பின்பக்கம் 6 மி.மீ. தாழ்ந்தால் பலகை சாய்வது அரைப் பாகைக்கும் குறைவு. 12 மி.மீ. தாழ்ந்தால் ஒரு பாகை. ட்ரக் அதைக் கவனிக்காது. உங்கள் முன்கால் கவனிக்கும், பள்ளத்தை நோக்கி நிற்பதுபோலவோ மேட்டை நோக்கி நிற்பதுபோலவோ உணரும். அது பிடிக்கவில்லையென்றால் தாழ்ந்த பக்கத்துக்கு ஒரு ரைசர் போடுங்கள். கோணத்துக்காகப் போடவேண்டியதில்லை.

ஏப்ரல் 6

தம்பி எழுதியிருக்கிறார்: 43 பாகைத் தட்டு வந்துவிட்டது, பின்னால் போட்டாயிற்று, பின் புஷிங்கும் ஒரு படி கடினமாக்கியாயிற்று, சரிவில் ஆட்டம் இல்லை. மனம் நிறைந்தது. ஆனால் “வீட்டுக்கு முன் முட்டுச்சந்தில் முன்புபோல ஒரே வீச்சில் திரும்ப முடியவில்லை, ஏதாவது தவறாகப் பொருத்திவிட்டேனா?” என்று கேட்கிறார்.

இல்லை. அது நீங்கள் கொடுத்த விலை. 50/50-இலிருந்து 50/43-க்குப் போனால், அதே சாய்வில் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். மலைச்சாலைக்காரர்களின் 50/20-இல் அரை மடங்குக்கும் மேலே கூடும். வட்டத்தின் மையமும் பின்னால் நகர்கிறது. பலகை நடுவிலிருந்து சுழல்வதை விட்டு, பின்சக்கரத்துக்கு அருகிலிருந்து சுழல்வதாக உணர்வீர்கள். அதனால் முன்காலால் வழிகாட்டப் பழகுங்கள், எடையையும் முன்பக்கம் கொண்டுவாருங்கள். பின்காலில் எடையைப் போட்டு நிற்பதுதான் ஆட்டத்துக்குப் பாதிக் காரணம், எந்த ட்ரக் போட்டாலும் அது மாறாது.

இன்னொன்று. ஆட்டம் நின்றுவிட்டது என்பதால் சரிவில் கூடுதல் வேகம் எடுக்கப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். ஒற்றைக்காலைத் தரையில் உரசி நிறுத்தப் பழகினீர்களா? எந்த வேகத்தில் அப்படி நிறுத்த முடியுமோ அந்த வேகம்தான் உங்களுடையது. தலைக்கவசம் இல்லாமல் யாரும் என்னிடம் ட்ரக் பற்றிக் கேட்கவேண்டாம்.

ஏப்ரல் 20

அச்சுகள். பாகம் கலக்கும்போது யாரும் பார்க்காத இடம்.

வார்ப்பு ஹேங்கர்கள் பலவற்றில் அச்சு 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. இயந்திரத்தில் கடைந்தெடுத்த விலையுயர்ந்த ஹேங்கர்களில் பெரும்பாலும் 8 மி.மீ. பேரிங்கின் துளை 8 மி.மீ. இரண்டிலும் சக்கரம் ஏறும். 5/16-இல் சற்றுத் தளர்வு, 8-இல் இறுக்கமான இணைப்பு. சிக்கல் வருவது நட்டில். 5/16 நட்டின் மரை அங்குலத்துக்கு 24. மரைக்கு மரை 1.06 மி.மீ. மெட்ரிக் அச்சில் அந்த நட்டைப் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏமாற்றும், பிறகு இறுகும், அதன்மேல் பலம் போட்டால் அச்சின் மரை அழியும். ஆகவே எந்த ட்ரக்கின் நட்டு எது என்று தனித்தனிச் சிறிய பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பேரிங் பக்கத்திலுள்ள சிறிய வளையங்களைத் தொலைக்காதீர்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு. அவை இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங்கின் வெளிவளையம் ஹேங்கரில் உரசும். கூடுதல் வளையங்களை உட்பக்கம் சேர்த்தால் சக்கரம் சற்று வெளியே தள்ளும், அகலம் கூடும். 150 மி.மீ. ஹேங்கரைக் கொஞ்சம் அகலமாக்க ஆசைப்படுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நட்டு முழுவதும் மரையில் ஏற இடம் மிஞ்ச வேண்டும்.

பழைய ஹேங்கர் வாங்கும்போது அச்சு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நேரான உலோக அளவுகோலை அச்சின் இரு முனைகளிலும் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு தெரியும். பெட்டியிலே புதியதுபோல மின்னிய ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. விற்றவர் பிறகு பதில் எழுதவேயில்லை. கிங்பின்னையும் வெளியே எடுத்துத் தலைக்குக் கீழே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கிங்பின் உடைவது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

மே 11

“வார்ப்பு ட்ரக்கை விட்டுக் கடைந்தெடுத்த ட்ரக்குக்குப் போகலாமா?” விலை பல மடங்கு. மலையில் இறங்குபவருக்கு அந்தத் துல்லியம் உயிர்ப் பாதுகாப்பு. தெருவிலும் ஏரிக்கரையிலும் ஓட்டுபவருக்கு, நல்ல புஷிங்கும் இறுக்கமான பிவட் கப்பும் போட்ட வார்ப்பு ட்ரக் நீண்ட காலம் போதும். அந்தப் பணத்தில் நல்ல சக்கரம் வாங்குங்கள் என்பேன்.

பிவட் கப் பற்றி இன்னும் கொஞ்சம். மார்ச் 5-ஆம் திகதி எழுதியதில், மூக்குக் குலுங்கினால் நிறுத்திவிடுங்கள் என்றேன். ஒரே நிறுவனத்தின் பாகங்களாக இருந்தும் குலுங்கினால் கதை வேறு. கப் தேய்ந்திருக்கிறது, மாற்றினால் சரியாகும். ரிப்டைட் ட்ரக் வகைக்கு ஏற்றபடி கப் செய்கிறது. பழைய கப்பை எடுக்க ஒரு திருகாணியை நடுவில் முறுக்கி இடுக்கியால் இழுங்கள், கத்தியால் குத்திக் கிளறவேண்டாம்.

மே 26

இப்போது வெயில் வந்துவிட்டது, மார்ச் மாதம் ஒத்திவைத்த தீர்ப்புக்கு நேரம். என் முன் புஷிங் 87ஏ இந்த வெப்பத்தில் கொஞ்சம் தளர்கிறது. நட்டை இறுக்காமல் தரைப் பக்கத்து வாஷரைக் கிண்ண வடிவத்துக்கு மாற்றினேன். போதுமானதாக இருக்கிறது. கலகரிக்காரர் அங்கே என்ன நிலை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அங்குள்ள காலைக் குளிரும் பகல் வெயிலும் எங்களுடையதைவிட அதிக இடைவெளி கொண்டவை.

யூன் 2

தம்பியின் புதிய கேள்வி: பின்னால் 43 இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால் 35-க்குப் போகலாமா, முன்னால் 10 பாகை ஆப்பு வைக்கலாமா, ஹேங்கரை 150-ஆக மாற்றலாமா, எல்லாவற்றையும் இந்த வாரமே செய்துவிடவா?

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முதலில் ஆப்பு: விலை குறைவு, பிடிக்காவிட்டால் நான்கு போல்ட்டில் எடுத்துவிடலாம். ஆனால் அதை வைத்துச் சரிவுக்குப் போகாதீர்கள், சமதளத்தில் மட்டும். முன் ட்ரக் 60 பாகைக்குப் போகும்போது சக்கரம் பலகையைத் தொடுகிறதா என்று வீட்டுக்குள்ளேயே பலகைமேல் நின்று முழுவதும் சாய்த்துப் பாருங்கள். தொட்டால் மெல்லிய ரைசர் ஒன்று சேர்க்க வேண்டும், போல்ட்டும் கால் அங்குலம் நீளமாக வேண்டும். என்னிடம் ஒன்றரை அங்குல போல்ட் ஒரு கட்டு மீதம் இருக்கிறது. ஸ்காபரோ பக்கம் வந்தால் எடுத்துச் செல்லுங்கள்.